நேரலையில் சொன்ன ஆமாம்

எங்கள் கட்சிக்காகத் தொலைக்காட்சி விவாதங்களில் பேச ஆரம்பித்துச் சில வருடங்கள் ஆகின்றன. தொழில், தருமபுரி நீதிமன்றத்தில் வக்கீல். சாயங்காலம் வீடு திரும்பியதும் முகம் கழுவி, நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்காருவேன். சத்தம் விழும் என்று என் கணவர் ஃபேனை நிறுத்திவிடுவார். வேர்த்து ஒழுக, சென்னையிலிருந்து இணைப்பு வரும்வரை காத்திருப்பேன்.

எதிராளியை மடக்குவது எப்படி என்பதெல்லாம் பழகிப்போயிருந்தது. அவர் மூச்சு வாங்கும் இடத்தில் உள்ளே புகுந்துவிட வேண்டும். கேள்விக்குப் பதில் இல்லையென்றால், 'உங்கள் ஆட்சியில் என்ன கிழித்தீர்கள்?' என்று திருப்பிக் கேட்க வேண்டும். என்ன ஆனாலும் 'ஆமாம்' என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. இதில் நான் கெட்டிக்காரி என்று கட்சியில் பெயர். பேசி முடித்த பிறகு தொண்டை எரியும். என்ன பேசினோம் என்று யோசித்தால் ஒன்றும் ஞாபகம் வராது.

அன்றைக்குத் தலைப்பு குடிநீர். எதிர்க்கட்சிக்காகப் பேச வந்தவரும் தருமபுரி வக்கீல்தான். பகலில் கோர்ட் கேன்டீனில் என்னோடு டீ குடிப்பவர். எடுத்த எடுப்பிலேயே, "ஏரியூர் பக்கம் குழாய் போட்டிருக்கிறார்கள், தண்ணீர் வரவில்லை. இல்லை என்று அம்மையார் சொல்லட்டும்" என்றார்.

ஏரியூரிலிருந்து ஒரு பெண் நிலத் தகராறு வழக்குக்காக என்னிடம் வருவார். அந்த வாரம்தான் அவருடைய நிலத்தைப் பார்க்கப் போயிருந்தேன். அவர் வாசல் குழாயைத் திறந்து காட்டி, "காத்துதான் வருதுங்க" என்று சிரித்திருந்தார்.

பதிலுக்கு எவ்வளவோ சொல்லியிருக்கலாம். சொல்லச் சலிப்பாக இருந்தது. "ஆமாம், அவர் சொல்வது உண்மைதான். நானே பார்த்தேன். தண்ணீர் வரவில்லை, வர வேண்டும்" என்றேன்.

நெறியாளர் ஒரு நிமிடம் திகைத்துப்போனார். எதிராளி வாயைத் திறந்து மூடினார். இத்தனை வருடத்தில் யாரையும் நான் அப்படி வாயடைக்கச் செய்ததில்லை. அவசரமாக விளம்பரம் போட்டார்கள். அதற்குப் பிறகு என்னைப் பேசவே அழைக்கவில்லை.

மறுநாள் காலைக்குள், 'உண்மைதான்' என்ற என் ஒற்றைச் சொல்லைத் தனியாக வெட்டி, பின்னால் சிரிப்புச் சத்தம் சேர்த்து, எல்லா வாட்ஸ்அப் குழுக்களிலும் விட்டிருந்தார்கள். கட்சி ஊடகப் பிரிவிலிருந்து போன் வந்தது. "உங்கள யாருங்க ஒத்துக்கச் சொன்னது? கொஞ்ச நாளைக்கு ரெஸ்ட் எடுங்க."

கேன்டீனில் அந்த வக்கீல் எனக்கும் சேர்த்து டீ சொன்னார். முகம் வாடியிருந்தது. "ஏங்க இப்படிப் பண்ணீங்க? நீங்க இல்லைன்னு சொல்வீங்கன்னு நெனச்சு போட்டோவெல்லாம் எடுத்து வெச்சிருந்தேன். எங்காளுங்க என்னையும் திட்டறாங்க, வாயில்லாம உக்காந்துட்டீங்களேன்னு."

"தண்ணி வரலைதானுங்களே?"

"வரலைதான். அதுக்கு?"

இருவரும் டீயைக் குடித்தோம்.

அடுத்த வாய்தாவுக்கு வந்த ஏரியூர்ப் பெண் கோர்ட் வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார். "டிவியில எங்கூரப் பத்திப் பேசினீங்களாமே, பக்கத்து வூட்டுப் புள்ள போன்ல காட்டுச்சு. ரொம்ப சந்தோசங்க."

"தண்ணி வருதா?"

"அது எங்கங்க வருது" என்றார், என்மேல் துளியும் வருத்தமில்லாமல். வருத்தப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

எனக்குப் பதிலாகப் பேசப் போன இளைஞர் இரண்டு மாதத்தில் சலித்துக்கொண்டு விலகிவிட்டார். போன வாரம் ஊடகப் பிரிவிலிருந்து மறுபடியும் கூப்பிட்டார்கள். தலைப்பு வேறு, எதிராளி அதே வக்கீல். "போகாட்டி என்ன?" என்று கணவர் கேட்டார். போகாமல் இருக்க எனக்கும் ஆசைதான். ஆனால் முடியாது என்று சொன்னால் ஏன், எதற்கு என்று அதற்கும் ஒரு விவாதம் நடத்த வேண்டும். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

திரையில் அவர் முகம் தெரிந்தது. நேரலை தொடங்குவதற்கு முன் என்னைப் பார்த்து, "இன்னைக்கி ஒழுங்கா சண்ட போடுங்க, மேடம்" என்றார்.

போட்டேன்.