பால் பொங்கவிடாத அடுப்பு

பிள்ளையள், டெனிஸ் நாட்டு ஓகூஸ் நகரத் துறைமுகத்தடியில் நாங்கள் வாடகைக்கு எடுத்த புது அடுக்குமாடி வீட்டைப் பற்றி நீங்கள் இப்பவும் பெருமையாய்க் கதைக்கிறீர்கள். குடிபுகுந்த நாளில் நடந்ததை எழுதி வைக்கிறேன். வாசித்துவிட்டுப் பெருமைப்படுங்கோ.

வீட்டைக் காட்ட வந்த வாடகைக் கொம்பனிப் பெடியன், "இது யப்பான் பாணி" என்றான். அது என்ன பாணியென்று பார்த்தேன். அலுமாரிக்குக் கைபிடி இல்லை. சமைக்கிற குசினிக்குச் சுவர் இல்லை. சாமிப்படம் கொழுவ இடமில்லை, மூன்று பக்கமும் கண்ணாடி. எதிர்க் கட்டிடத்தில் பல் விளக்குகிற மனிசன் எங்களைப் பார்த்துத் தலையாட்டுவார். ஒன்றுமே இல்லாததற்குத்தான் அவ்வளவு வாடகை. இருக்கிற ஒரு சுவரில் ஆணி அடிக்கலாமோ என்று கேட்டேன். சுவருக்கு நோகும் என்பதுபோல் என்னைப் பார்த்தான்.

குடிபுகுகிற அன்று காலையில் உங்கட அம்மா பால் காய்ச்ச வெளிக்கிட்டா. புது வீட்டில் முதலில் பால் பொங்கி வழிய வேணும், பிறகுதான் சாமான் உள்ளே வரலாம் என்பது எங்கட ஆக்களின் வழக்கம். கட்டில், மெத்தை எல்லாம் கீழே சாமான் ஏற்றின வான் வண்டிக்குள் கிடந்தன. பழைய வீட்டைப் பூட்டித் திறப்பை முதல்நாளே கொடுத்தாச்சு. ராகுகாலமும் தொடங்கப் போகுது.

அம்மாவின் பித்தளைப் பானையை அந்த நெருப்பில்லாத மின்சார அடுப்பு ஏற்கவில்லை. கறுப்புக் கண்ணாடிக்குள் ஏதோ ஒரு குறி மின்னி மின்னி அணைந்தது. "அதுக்குப் பானையைப் பிடிக்கேல்லையாம்," என்று உங்களில் மூத்தவள் டெனிஸ் மொழியில் சொல்லிச் சிரித்தாள். எவர்சில்வர் பாத்திரத்தை வைத்தோம். பால் நுரைத்து ஏறியது. நாலு சொட்டு வழிந்து கண்ணாடியில் பட்டதுதான், அடுப்பு கீச்சென்று கத்திவிட்டுத் தானே நின்றது. பாலும் இறங்கிப் போனது.

"வழிஞ்சதுதானே, காணும்," என்றேன்.

"சிந்தினதைப் பொங்கினதெண்டு சொல்லி ஆரை ஏமாத்துறியள்? பால் பொங்காத வீட்டில நான் படுக்க மாட்டன்," என்றா அம்மா.

இரண்டாம் தரமும் அதே கீச்சு. பெடியனுக்கு ரெலிபோன் எடுத்தேன். அடுப்பு நிற்கிறது பாதுகாப்புக்காம்.

"பால் ஏன் வழிய வேணும்?" என்று கேட்டான்.

"வழியத்தான் அதை வைச்சது," என்றேன்.

"அப்ப ஆர் துடைக்கிறது?"

அவனோடு கதைத்துப் பிரயோசனமில்லை. பல்கனியில் காஸ் அடுப்பு மூட்டவும் அந்தக் கட்டிடத்தில் தடை. கடலைப் பார்க்கலாம், நெருப்பைப் பார்க்கக் கூடாது.

"இவ்வளவு புத்தியுள்ள அடுப்பெண்டால் அதுவே சமைக்கட்டும்," என்றுவிட்டு அம்மா கீழே இறங்கிப் போனா. கோபித்துக்கொண்டு போறா என்றுதான் நினைத்தேன். திரும்பி வரும்போது கையில் றைஸ் குக்கர்.

"சாமான் வரக்கூடாதெண்டீர்," என்றேன்.

"பால் காய்ச்சுறது சாமானில்லை. தள்ளி நில்லுங்கோ."

மூடியைக் கழற்றிவிட்டுப் பாலை ஊற்றி மின்சார ஆளியைத் தட்டினா. அந்தக் குக்கருக்குப் பாதுகாப்பும் தெரியாது, பாணியும் தெரியாது. சூடேறத்தான் தெரியும். பால் திரண்டு எழும்பிக் கிழக்குப் பக்கமாய்ப் பொங்கி, வெள்ளை மேசைக்கல்லில் ஓடி, பெடியன் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நடந்த மரத்தரையில் கொட்டியது. மூத்தவள் துணியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

"தொடாதை. வழியட்டும்," என்றா அம்மா. வடிவாய் வழிந்து முடியுமட்டும் பார்த்துக்கொண்டு நின்றா. பிறகு ஆளியை நிப்பாட்டிவிட்டு என் பக்கம் திரும்பினா.

"இனிக் கட்டிலைக் கொண்டுவாங்கோ."