மரை பிடிக்காத விரல்கள்

போர்வெல் மோட்டார் பழுதுபார்ப்பது என் தொழில். திண்டுக்கல்லில் சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். எனக்கு வந்த முதல் அறிகுறி, போல்ட்டில் ஏற மறுத்த ஒரு நட்டு. மரை (போல்ட்டைச் சுற்றியும் நட்டுக்குள்ளும் ஓடும் திருகு வரி) தேய்ந்த நட்டு என்று அதைத் தூக்கியெறிந்தேன். அடுத்ததும் ஏறவில்லை. விற்ற கடைக்காரரிடம் போய், "மட்டமான சரக்கக் குடுத்து ஏமாத்துறியா?" என்று சண்டை போட்டேன். அவர் அதே நட்டை விரலாலேயே ஏற்றிக் காட்டினார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

பிறகு சட்டைப் பொத்தான் போட வரவில்லை. மனைவி ராணிதான் போட்டுவிட்டாள். "ஏங்க, சோத்தப் பெசையக்கூட வரலயே. டாக்டரப் பாப்போம்" என்றாள். நடை தள்ளாடத் தொடங்கிய பிறகும் நான் மாதக்கணக்கில் தட்டிக்கழித்தேன். இதைப் படிப்பவர்களே, பொத்தான் போட முடியாவிட்டால் சட்டையைத் திட்டாதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போய்த் தொலையுங்கள்.

செர்விகல் மைலோபதி (கழுத்தெலும்பு தண்டுவடத்தை நசுக்குவது) என்றார் மருத்துவர்.

"கையில ஒண்ணுமில்லீங்க, கழுத்துலதான் கோளாறு. ஆபரேஷன் பண்ணா இதுக்கு மேல மோசமாகாம நிறுத்தலாம். போன உணர்ச்சி திரும்புறது சந்தேகம். முன்னாடியே வந்திருக்கணும்."

அவரை ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது. அதற்கும் கையில் தெம்பில்லை.

அறுவை சிகிச்சைக்குப் பின் நடை நேரானது, பிடியும் ஓரளவு வந்தது. விரல்நுனி மட்டும் மரத்தே கிடந்தது. பிசியோதெரபியில் (இயன்முறை மருத்துவம்) பிளாஸ்டிக் முளைகளைத் துளைகளில் செருகச் சொன்னார்கள். அவையும் கைநழுவி விழுந்தன. எல்லோர் முன்னாலும் அழுதேன்.

இந்தத் தொழிலை நான் மதித்ததே கிடையாது. கல்யாண வீடுகளில் கிரீஸ் படிந்த நகங்களை மறைத்துக்கொண்டு நின்றவன் நான். நட்டை முதலில் எதிர்ப்பக்கமாகச் சற்றுச் சுற்ற வேண்டும். மரையோடு மரை பொருந்தி விழுவது விரலுக்குத் தெரியும். பிறகுதான் முறுக்க வேண்டும். அத்தனையும் விரலே பார்த்துக்கொண்டது. நான் ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பேன்.

போன வாரம் குஜிலியம்பாறைப் பக்கத்து விவசாயி ஒருவர் மோட்டார் கொண்டுவந்தார். கண்ணால் பார்த்துப் பார்த்துக் கழற்றினேன். தண்டு, பேரிங், அடுக்கடுக்காகச் சுற்றிய செப்புக்கம்பி. இத்தனை அழகான வேலையையா இவ்வளவு காலம் செய்தேன்? ஒவ்வொரு நட்டாகத் திரும்ப ஏற்றினேன். பசியே தெரியவில்லை.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க" என்றார் அவர். "இம்புட்டு நேரமாச்சு. அங்க தோட்டத்துல கத்திரிச் செடி காயுது. வேற கடையில குடுத்துக்கறேன்."

அவர் சொன்னதில் தப்பில்லை. பாதி மாட்டிய மோட்டாரை அவரும், சாப்பாடு கொண்டுவந்திருந்த ராணியும் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். மிச்ச நட்டுகளை நானே பையில் போட்டுக் கொடுத்தேன்.

வண்டி போனதும் ராணி என் கையைப் பிடித்துப் பார்த்தாள். ஆள்காட்டி விரல் கிழிந்து ரத்தம் மணிக்கட்டு வரை வழிந்து காய்ந்திருந்தது.

"எப்பங்க கிழிச்சீங்க?"

எனக்குத் தெரியவில்லை. அந்தக் காலைப்பொழுது முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன் என்பது மட்டும் தெரிந்தது.