கைராசி டாக்டரின் ஓட்டுநர்

அவனுக்கு நிதானம் என்று பெயர் வைத்தவர்கள் அவன் காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு தவித்தவர்கள்தான். ஹாரன் அடித்துக் கை ஓய்ந்துபோன யாரோ ஒருவர், "ஏப்பா நிதானம், கொஞ்சம் நகரேன்" என்று கத்தப்போக, அதுவே ஒட்டிக்கொண்டது. முன்பு அவன் அப்படி இல்லை. லாரி ஓட்டிய காலத்தில் அசுர வேகம். ஒரு வளைவில் லாரி கவிழ்ந்து, வயிறு கிழிந்து கிடந்தவனைத் தைத்துப் பிழைக்க வைத்தவர் பெரிய டாக்டர். இனிமேல் லாரியைத் தொடாதே என்று சொன்னதோடு நிற்காமல் தன் கார் சாவியைக் கையில் கொடுத்தார். மருத்துவமனைக்குப் பின்னால் இரண்டு அறைகளை ஒழித்துக் கொடுத்தார். அவனுக்குப் பெண் பார்த்துப் பேசி முடித்ததும் அவரேதான். ஒரு மனிதனுக்கு இன்னொரு மனிதன் இதற்குமேல் என்ன செய்துவிட முடியும்? வம்பே அங்கேதான் ஆரம்பம்.

வந்த பெண்ணுக்கு மூச்சிழுப்பு இருந்தது. பனி விழுந்தால் இழுக்கும், தூசி பறந்தால் இழுக்கும், அழுதால் இழுக்கும், சிரித்தாலும் இழுக்கும். பெரிய டாக்டரோ இழுப்புக்குப் பேர்போனவர். கைராசிக்காரர் என்று அக்கம்பக்கமெல்லாம் சொல்லும். தோளில் தூக்கிக்கொண்டு வருவார்கள். நரம்பில் ஓர் ஊசி போடுவார். கொஞ்ச நேரத்தில் ஆள் தன் காலால் நடந்து போவான். கண்ணால் பார்க்கிறதை எப்படி நம்பாமல் இருப்பது? நிதானத்தின் மனைவிக்கும் அப்படித்தான் கேட்டது. முதலில் எப்போதாவது ஒரு ஊசி. பிறகு மாதத்துக்கு ஒன்று, வாரத்துக்கு ஒன்று என்று நெருங்கி வந்தது. கூடவே தினமும் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை, காகிதத்தில் மடித்து அவர் கையாலேயே தருவார். காசு என்ற பேச்சே கிடையாது.

அவள் முகம் உருண்டு திரண்டது. சொந்தக்காரர்கள், "டாக்டர் வீட்டு நிழல்ல நல்லா பூசினாப்புல ஆயிட்டா" என்று மெச்சினார்கள். பூசினதாவது, மண்ணாவது. கையை லேசாக அழுத்திப் பிடித்தால் நீலம் பாய்ந்தது. ஒரு நாள் தண்ணீர் வாளியைத் தூக்கக் குனிந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முதுகெலும்பு ஒன்று நொறுங்கியிருந்தது. வாளியைத் தூக்கியதற்கு முதுகெலும்பு உடையுமா? "வயசாகுதில்ல" என்றார் பெரிய டாக்டர். அவள் நாற்பதைத் தாண்டியிருந்தாள், அவ்வளவுதான்.

அவளுடைய தங்கை, துணிக்கடையில் வேலை பார்ப்பவள், கொஞ்சம் வாய்த்துடுக்கு. அக்காவைப் பார்க்க வரும்போதெல்லாம் அவனை ஒரு பிடி பிடித்துவிட்டுத்தான் போவாள்.

"மாமா, எங்க முதலாளியம்மாவுக்கும் இழுப்புதான். வாயில வச்சு உறிஞ்சுற மருந்துதான் எடுக்கறாங்க. இந்த ஊசியெல்லாம் அந்தக் காலம்னு அவங்க டாக்டர் சொல்றாராம்."

"உறிஞ்சுற மருந்து பழக்கமாயிடும்னு ஐயா சொல்றாரு."

"அக்காவுக்கு ஊசி பழக்கமாகலையா?"

பெரிய டாக்டருக்கு வரும் மருத்துவப் பத்திரிகைகள் உறை பிரிக்காமலே காரின் பின் சீட்டில் கிடப்பதை அவன்தான் தினமும் எடுத்து அடுக்குகிறான். ஒருமுறை காரில் கூட வந்த இளம் டாக்டர் ஒருவர், "சார், இப்போ யாரும் இழுப்புக்கு இப்படித் தொடர்ந்து ஊசி போடறதில்ல" என்று மெல்ல ஆரம்பித்தார். "வேலை செய்யற மருந்தை நான் ஏன் மாத்தணும்?" என்று பெரிய டாக்டர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் சூதுவாது கிடையாது. காசுக்கு அலைகிற டாக்டராக இருந்திருந்தால் நிதானம் என்றைக்கோ திட்டிவிட்டுக் கிளம்பியிருப்பான். நல்லவரை என்ன செய்வது?

கடைசியில் மனைவிக்குப் படுத்தால் மூச்சு முட்டும், உட்கார்ந்தால் முதுகு பிளக்கும் என்ற நிலை வந்தபோது, அவன் திருடன் மாதிரி பஸ் ஏறினான். காரில் போனால் தெரிந்துவிடும் அல்லவா? நகரத்தின் மறுகோடியில் இருந்த நெஞ்சுநோய் டாக்டரம்மாவிடம் மனைவியை அழைத்துப் போனான். டாக்டரம்மா பொறுமையாக ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"இதுக்கு முன்னாடி என்ன மருந்து எடுத்தீங்க? ஊசி, மாத்திரை ஏதாவது?"

மனைவி அவனைப் பார்த்தாள். உள்ளதைச் சொன்னால், யார் போட்டது என்று கேட்பார்கள். பெயரைச் சொன்னால் நான்கு டாக்டர்கள் கூடுகிற இடத்தில் அது பேச்சாகும். உயிர் கொடுத்தவரைக் காட்டிக்கொடுப்பதா?

"சும்மா இருமல் சிரப்புதாம்மா" என்று பூசி மெழுகினான்.

டாக்டரம்மா இன்னும் ஒருமுறை, "ஊசி எதுவும் இல்லையே?" என்றார். "இல்லைம்மா" என்று மனைவியும் தலையை ஆட்டினாள். விசுவாசத்தில் புருஷனுக்குச் சளைத்தவளா அவள்?

உறிஞ்சும் மருந்து வேலை செய்தது. அவள் கால் நீட்டிப் படுத்துத் தூங்கினாள். மல்லாந்து கிடக்கும் மனைவியை நிதானம் பைத்தியக்காரன் மாதிரி பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். ஊசி நின்றது. வெள்ளை மாத்திரையை வாங்கி வாங்கிச் சாக்கடையில் போட்டாள். "வீட்ல எப்படி இருக்கா?" என்று பெரிய டாக்டர் கேட்க, "ரொம்ப நல்லா இருக்காங்கய்யா" என்று அவன் கார்க் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "நம்ம ஊசி இப்பதான் உள்ள பிடிச்சிருக்கு" என்று அவர் மகிழ்ந்துபோனார்.

அந்தச் சந்தோஷத்துக்கு ஆயுசு கொஞ்சம்தான். அவள் சோர்ந்தாள். சாப்பிட்டது தங்கவில்லை. எழுந்தால் தலை சுற்றியது. சாதாரணக் காய்ச்சல் ஒன்று வந்தது. நடுப்பகலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் கொடியைப் பிடித்தபடியே சரிந்தாள். தங்கைதான் ஆட்டோ பிடித்து, டாக்டரம்மா வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோய்ச் சேர்த்தாள். நிதானம் வாழ்க்கையில் முதல்முறையாகப் பெரிய டாக்டரை நடுவழியில் இறக்கிவிட்டுக் காரைப் பறக்கவிட்டான்.

அவசரப் பிரிவில் அவளுக்கு ரத்த அழுத்தமே பிடிபடவில்லை. குளுகோஸ் ஏறிக்கொண்டிருந்தது, ஆனால் அவள் தேறவில்லை. டாக்டரம்மா அவனைத் திரைக்கு அந்தப் பக்கம் இழுத்து வந்தார்.

"உண்மையைச் சொல்லுங்க. வேற மருந்து எடுத்துக்கிட்டிருந்தாங்களா?"

"இல்லைம்மா."

பாவி. அப்போதும் இல்லை என்றான். நாக்கு அப்படிப் பழகிப்போயிருந்தது. தங்கை ஓடி வந்து அவன் சட்டையைப் பிடித்தாள். "மாமா, அக்கா செத்துட்டிருக்கா. யாருக்காக மறைக்கறீங்க?" திரை இடுக்கில் மனைவியின் பாதம் தெரிந்தது. வெளிறிப்போய்க் கிடந்தது.

"ஊசி போட்டுக்கிட்டிருந்தா. பல வருஷமா. மாத்திரையும் உண்டு. பேரு தெரியாதும்மா."

"யார் போட்டாங்க?"

சொன்னான். டாக்டரம்மா அங்கேயே நின்று போன் போட்டார். பெரிய டாக்டர் எதையும் மறைக்கவில்லை. மருந்தின் பெயரை, அளவை, எத்தனை வருடம் என்பதைக் கடகடவென்று சொன்னார். டாக்டரம்மா போனை வைக்குமுன்னே நர்ஸைப் பார்த்து ஊசி மருந்தின் பெயரைச் சொன்னார். பெரிய டாக்டர் சொன்ன வகை மருந்தேதான்.

சாயங்காலம் அவள் கண் திறந்தாள். டாக்டரம்மா நிதானத்திடம் எளிமையாகச் சொன்னார். அந்த மருந்தை உடம்பு தானாகவே கொஞ்சம் சுரக்கும். வருடக்கணக்கில் வெளியிலிருந்து ஊற்றியதால் இவள் உடம்பு சுரப்பதை மறந்துவிட்டது. திடீரென்று நிறுத்தியதும் உடம்பில் ஒன்றுமே இல்லை. "முன்னாடியே சொல்லியிருந்தா மெதுமெதுவா குறைச்சிருப்பேனே. இனிமே பல மாசம் ஆகும். சில பேருக்கு ஆயுசு முழுக்க. உடைஞ்ச எலும்பு உடைஞ்சதுதான்."

அப்போது பெரிய டாக்டர் மூச்சிரைக்க உள்ளே வந்தார். நோயாளிகளை அப்படியே விட்டுவிட்டு ஆட்டோவில் ஓடி வந்திருந்தார். அவள் தலையைத் தடவினார். என்ன ஊசி போட்டார்கள் என்று கேட்டார். தெரிந்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"பார்த்தியா நிதானம், கடைசியில என் மருந்துதான் வேண்டியிருந்தது."

"சார், அதைத் திடீர்னு நிறுத்தினதாலதான் இப்படி ஆச்சு" என்றார் டாக்டரம்மா.

"அதைத்தானம்மா நானும் சொல்றேன். நிறுத்தினது யாரு?"

டாக்டரம்மா எவ்வளவோ எடுத்துச் சொன்னார். பெரியவர் பெரிய மனதோடு கேட்டுக்கொண்டார், ஒன்றும் உள்ளே போகவில்லை. நிதானத்தின் தோளில் கை போட்டு, "பயந்து போய் வேற இடம் பார்த்துட்ட. பரவாயில்ல, விடு" என்று மன்னித்தார். ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால் அவன் பிழைத்திருப்பான். அந்த மன்னிப்புதான் அவனைக் கொன்றது.

அவர் போனபின் டாக்டரம்மா சொன்னார்: "இந்த ஊசியைப் பத்தி நான் சொன்னா தொழில் போட்டிம்பாங்க. நீங்க சொன்னா ஜனங்க கேட்பாங்க."

பெரிய டாக்டரோ முந்திக்கொண்டார். வருகிறவர்களிடமெல்லாம், "ஊசின்னா பயமா? வெளியில என் டிரைவர் நிப்பான், அவன் பெண்டாட்டி கதையைக் கேளுங்க. பெரிய ஆஸ்பத்திரியிலயே இதைத்தான் போட்டாங்க" என்று அனுப்ப ஆரம்பித்தார். ஜனங்களும் காரைத் தேடி வந்து கேட்டார்கள். நிதானம் மென்று விழுங்கினான். சில நாள் ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டான். பின்னால் இரண்டு அறைகளில் அவள் முதுகுக்குப் பட்டை கட்டிக்கொண்டு சுவரைப் பிடித்து நடக்கிற சத்தம் அவனுக்குக் கேட்டபடியே இருந்தது. வேலை போனால் அந்த அறைகளும் போகும். அவளை எங்கே கொண்டு வைப்பான்? வாயைத் திறந்தாலும் நாசம், மூடினாலும் நாசம்.

அன்று ஒரு தாய் வந்தாள். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. ஒவ்வொரு மூச்சுக்கும் அதன் விலா எலும்பு உள்ளே போய் வந்தது. உருண்ட கன்னம். அந்தக் கன்னத்தைப் பார்த்ததும் அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அண்ணே, இத்தனை நாள் மாசம் ஒரு ஊசி போட்டோம். இனி வாரா வாரம்னா கொஞ்சம் பயமா இருக்கு. உங்ககிட்ட கேட்கச் சொன்னாரு டாக்டரய்யா."

இந்தத் தடவை அவன் நாக்கு பழைய பாட்டைப் பாடவில்லை. "வேண்டாம்மா. இங்க வேண்டாம்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னான். மனைவியின் முதுகெலும்பைச் சொன்னான், அவசரப் பிரிவைச் சொன்னான், டாக்டரம்மா இருக்கும் இடத்துக்கு எந்த பஸ் என்பதுவரை சொன்னான். ஊசியைச் சட்டென்று நிறுத்தக் கூடாது, போட்டதை அங்கே மறைக்கக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னான்.

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "அவர் கொடுத்த வீட்ல இருந்துக்கிட்டு இப்படிப் பேசுறீங்களே அண்ணே" என்றாள். கோபம்கூட இல்லை, அருவருப்புதான். குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தாள். குழந்தை தன் காலால் நடந்து வந்தது. மூச்சு சீராக இருந்தது, சிரிக்கக்கூடச் செய்தது. தாய் காருக்கு அருகில் நின்று குரலைத் தாழ்த்தினாள்.

"நீங்க சொன்னதை டாக்டரய்யாகிட்ட சொல்லலை அண்ணே. அவர் கேட்டப்போ, உங்களைப் பத்தி நல்லதாத்தான் சொன்னேன். உங்க பிழைப்பு கெட்டுடக் கூடாதில்ல."

"அவர்கிட்டயே சொல்லியிருக்கலாமேம்மா" என்றான் நிதானம்.

அவள் அதற்குள் தெருவைக் கடந்துவிட்டிருந்தாள்.