சீட்டில் இருந்த எண்

இது நடந்தது. சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், அந்த வார்டில் ஒரே ஒரு மதியம் உட்கார்ந்து பார்த்துவிட்டு அப்புறம் சிரிக்கட்டும்.

குழந்தைகள் வார்டில் ஒரு நர்ஸுக்குப் பட்டப்பெயர் போலீஸ் அக்கா. ஒரு குழந்தையை எக்ஸ்ரேக்கு அழைத்துப் போக ஆள் வந்தால், சீட்டில் இருக்கும் எண்ணையும் குழந்தையின் கைப்பட்டையில் இருக்கும் எண்ணையும் ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படிப்பாள். பொருந்தினால்தான் குழந்தை கட்டிலை விட்டு நகரும். பெரிய டாக்டரே வந்து நின்றாலும் அதே சட்டம்தான்.

அன்று மதியம் மணி 2.40. பிள்ளைகள் தூங்கும் நேரம். ஆறாம் கட்டிலில் நான்கு வயதுப் பெண் குழந்தை, நிமோனியா. ஆக்சிஜன் பாட்டிலில் குமிழிகள் களக் களக்கென்று ஓடிக்கொண்டிருந்தன. அம்மா மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். கூட வேலை பார்க்கும் இன்னொரு நர்ஸ் சாப்பிடப் போயிருந்தாள்; வார்டில் போலீஸ் அக்கா மட்டும்தான்.

தள்ளுவண்டியோடு ஒரு பெண் வந்து நின்றாள். சக்கரம் சத்தமே போடவில்லை. அந்த ஆஸ்பத்திரியில் கிறீச்சிடாத சக்கரம் ஒன்று உண்டென்று யாரும் சத்தியம் செய்ய மாட்டார்கள்.

"குழந்தையக் கீழ அனுப்பச் சொன்னாங்க."

"சீட்டு?"

நீட்டினாள். பழுப்பேறிய காகிதம். தொட்டதும் விரல் மரத்துப் போனது. நர்ஸ் வழக்கம்போல் வாய்விட்டுப் படித்தாள். மூன்றாவது எண்ணே உதைத்தது.

"இது வேற யாரோடதோ. எடுத்துட்டுப் போங்க."

"நேரமாச்சு..."

"ஆனா ஆகட்டும். எண் சரியில்ல. பிள்ளை வராது."

களக் சத்தம் நின்றது.

குழந்தையின் உதடு நீலம் பாரித்தது. நர்ஸுக்குப் பயம்தான். ஆனால் பயத்தைவிடக் கோபம் ஒரு படி மேலே வந்தது. கையால் அழுத்திக் காற்றுக் கொடுக்கும் பையை எடுத்துக் குழந்தையின் முகத்தில் வைத்தாள்.

2.43. அழுத்தினாள். விட்டாள். அழுத்தினாள்...

வண்டி கட்டிலை முட்டியது. அதற்கும் சத்தமில்லை.

"ஏய்! இது என் வார்டு. ஒண்ணக்கூடத் தர மாட்டேன்... போடி!"

2.46.

களக்... களக்...

குழந்தை இருமியது. வீறிட்டு அழுதது. அந்த அழுகையைக் கேட்டு அவளும் அழுதாள். தலை நிமிர்ந்தபோது வண்டியும் இல்லை, வந்தவளும் இல்லை. சீட்டு மட்டும் கட்டிலில் கிடந்தது.

மறுநாள் அதைப் பழைய கோப்புகள் இருக்கும் அறைக்குக் கொண்டு போனாள். எழுத்தர் அரைமணி நேரம் தூசிக்குள் துழாவி ஒரு கோப்பை எடுத்தார். எண் அச்சுப் பிசகாமல் பொருந்தியது. பெயரைப் படித்தார். அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"அஞ்சு வயசுல... நீங்க இங்க படுத்திருந்தீங்களாம்மா?"

ஆமாம். இருபத்தாறு வருடத்துக்கு முன்னால். அதே வார்டு. பிழைக்காது என்று டாக்டர்களே கைவிட்ட பிள்ளை அவள்.

எழுத்தர் கோப்பைப் பட்டென்று மூடினார். "வேற வார்டு கேட்டு வாங்கிக்கங்கம்மா."

"எதுக்கு? இருபத்தாறு வருஷமாத் தேடியும் என்னைப் பிடிக்கத் துப்பில்ல. வரட்டும்."

இன்றும் அவளுக்கு மதிய டூட்டிதான். கேட்டு வாங்கியது.