வராத அழைப்புகள்

பெருந்தொற்றின்போது வீட்டுக்குள் அடைபட்டிருந்தவர்கள் புதிதாக எதைப் படைத்தார்கள் என்பதுதான் எங்கள் பேராசிரியர் நடத்திய ஆய்வு. அதற்காக, எங்கள் பல்கலைக்கழகம் இருக்கும் காம்பாரிலிருந்து ஊர் ஊராகப் போய்ப் பலரைப் பார்த்தேன். கேக், ஓவியம், பாட்டு என்று ஒரே மாதிரிப் பதில்கள். கேட்டுக் கேட்டு மனம் மரத்துப்போயிருந்தது.

புந்தோங்கில் சந்தித்த மேரி அக்காவிடமும் அதையே கேட்டேன்.

“நான் என்னா செஞ்சேன், ஒன்னும் இல்லலா,” என்றவர், பிறகு, “தினமும் பொய்தான் சொன்னேன்,” என்றார்.

அவர் கணவர் கோவிட் வந்து ஆஸ்பத்திரியிலேயே இறந்துவிட்டார். இதய நோயாளியான மாமனாரிடம் அதைச் சொல்ல அக்காவுக்குத் துணிவு வரவில்லை. தினமும் சாயங்காலம் மாமனாருக்குக் கேட்கும்படி கைப்பேசியைக் காதில் வைத்து, கணவரிடம் பேசுவதுபோலப் பேசியிருக்கிறார்.

“‘மாமா, இன்னைக்குக் கஞ்சி குடிச்சாராம், நர்ஸைச் சிரிக்க வச்சாராம்’னு, புதுசு புதுசா யோசிச்சுச் சொல்லுவேன்.”

“அவர் நம்பினாராக்கா?”

“பேசாம கேட்டுக்கிட்டே இருப்பாரு. ஒருநாள் என் தலையில கை வச்சு, ‘இனிமே போன் பண்ண வேணாம்னு அவன்கிட்ட சொல்லும்மா. நீ ரொம்பக் களைச்சுப் போயிட்டே’ன்னாரு.”

சொல்லும்போது அக்காவின் குரல் மாறவே இல்லை. எனக்கும் அழுகை வரவில்லை.

“இதெல்லாம் உங்க ஆராய்ச்சியில சேருமா தங்கச்சி?”

“சேரும்க்கா,” என்றேன். பேராசிரியர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது.

அதுவரை, படைப்பு என்றால் பலருக்கும் காட்டுவது என்றே நினைத்திருந்தேன். அக்கா படைத்ததைக் கேட்டவர் ஒரே ஒருவர். அவரும் அதை நம்பவில்லை. நம்பாமலேயே தினமும் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்.