சாமிக்கு முன்னால் போட்ட படம்

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நானும் மதினியும் பழைய படம் பார்க்கிறோம். மதினி என் அண்ணன் பெண்டாட்டி. திருச்சுழி போகிற ரோட்டில் எங்கள் ஊர். இன்னும் அங்கேதான் இருக்கிறாள். காட்டில் வேலை இல்லாத நாளில், பொம்பளைகளுக்கு டிக்கெட் இல்லாத பஸ்ஸில் ஏறி, பாளையம்பட்டியில் இருக்கிற என் வீட்டுக்கு வந்துவிடுவாள். வரும்போது பையில் அகத்திக்கீரையோ மிதுக்கவத்தலோ ஏதாவது இருக்கும். என் மகன் வாங்கிக் கொடுத்த டிவியில் நெட் வருகிறது. வாயால் சொன்னாலே படம் வருகிறது.

எனக்குப் பழைய படங்கள் மேல் பெரிய மரியாதை ஒன்றும் கிடையாது. "அந்தக் காலத்துப் படம் மாதிரி வருமா" என்று பெருமூச்சு விடுகிற ஆட்களைக் கண்டால் எரிச்சல்தான் வரும். பொறுமையாக உட்கார்ந்து பார்த்தால் தெரியும். கதாநாயகி பாடிக்கொண்டே பருத்தி எடுக்கிறாள். விரலில் ஒரு கீறல் இல்லை. பருத்தி எடுத்தவளுக்குத்தான் வெடித்த காயின் ஓட்டு முனை நகக்கண்ணில் குத்துவது தெரியும். இன்னொரு படத்தில் மகன் கன்னத்தில் ஒரு மச்சத்தை ஒட்டிக்கொண்டு வருகிறான். பெற்ற தாய்க்கு அவனை அடையாளம் தெரியவில்லை. மதினி இதையெல்லாம் சும்மா விடமாட்டாள். "ஏத்தா, மந்தையில நிக்கிற ஆட்டுக்குட்டியையே நான் சத்தத்தை வச்சுச் சொல்லுவேன். இவளுக்குப் பெத்த மகனைத் தெரியலையாக்கும்? கூறுகெட்டவ" என்பாள். பழைய சீரியல் ஒன்றைக் கொஞ்ச நாள் பார்த்தோம். அதில் ஒருத்தி காபி டம்ளரை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் மூன்று பேர் முகத்தை மாற்றி மாற்றிக் காட்டினார்கள். "காபி ஆறிப்போச்சு, வேற படத்தைப் போடு" என்றாள் மதினி. அதோடு சீரியலை விட்டுவிட்டோம்.

ஆனால் பழைய படங்களில் எங்களை உண்மையிலேயே திகைக்க வைத்தது வேறு. சாவு. நாங்கள் சின்ன வயதில் பார்த்த படங்களில் இத்தனை பேர் செத்தார்கள் என்பதே எங்களுக்குத் தெரியாது.

அதற்குக் காரணம் எங்கள் ஊர். பங்குனிப் பொங்கலுக்கு அம்மன் கோயிலுக்கு எதிரே, கண்மாய்க்கரையில் திரை கட்டிப் படம் போடுவார்கள். சாமிக்கு முன்னால் போடுகிற படத்தில் எழவு விழக்கூடாது, விழுந்தால் அந்த வருசம் மழை பெய்யாது, கண்மாய் பெருகாது என்று ஊரில் ஒரு கட்டுப்பாடு. மானாவாரி ஊர். மழை என்று சொல்லிவிட்டால் யார் எதிர்த்துப் பேசுவார்கள்? அதனால் பெரிய ஆட்கள் படம் ஓட்டுகிற மிஷின்காரரிடம் முன்கூட்டியே எங்கே சாவு வருகிறது என்று கேட்டுக்கொள்வார்கள். அந்த இடம் வந்ததும் அவர் சத்தத்தை நிறுத்தி, லென்சுக்கு முன்னால் கையை வைப்பார். கையை எடுக்கும்போது கதாநாயகனின் அப்பா இருக்கமாட்டார். சுவரில் மாலை போட்ட போட்டோ இருக்கும். வெளியூர் போயிருக்கிறார் போலிருக்கிறது என்று நாங்கள் பாட்டுக்குப் பார்ப்போம். சாவு கடைசியில் வந்தால் வேலை இன்னும் சுலபம். அதற்கு முன்னாலேயே மிஷினை நிறுத்தி, ஒரு சாமி பாட்டைப் போட்டு அனுப்பிவிடுவார்கள்.

அப்படிப் பார்த்த படங்களில் ஊருக்கே பிடித்தது ஒன்று. புருசன் சண்டை போட்டுவிட்டுப் பட்டணம் போய்விடுகிறான். பெண்டாட்டி வருசக்கணக்கில் காத்திருக்கிறாள். கடைசியில் கதவு தட்டுகிற சத்தம், திறக்கிறாள், வாசலில் அவன் நிற்கிறான். விசில் பறந்தது. என் அம்மா அழுதாள். அந்த வருசம்தான் அண்ணனுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. அண்ணனும் மதினியும் பொங்கலுக்கு எடுத்த புதுத்துணியோடு எனக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்தார்கள்.

மகள் பிறந்து நடை பழகுகிற நேரத்தில் அண்ணன் வடக்கே முறுக்குக் கம்பெனிக்குப் போனான். போனவன் போனவன்தான். அங்கே இன்னொருத்தியோடு குடும்பம் என்று வந்தவர்கள் சொன்னார்கள். மதினி அழுதபோது ஊரில் ஒருத்தர் பாக்கியில்லாமல் ஒரே ஆறுதலைத்தான் சொன்னார்கள்: "அந்தப் படத்துல வாரவ மாதிரி பொறுத்துக்கிட்டு இரு தாயி. ஒரு நாளைக்கு வாசல்ல வந்து நிப்பான்." நானும் சொன்னேன். மதினி அப்படியே இருந்தாள். குதிரைவாலி விதைத்து, ஆடு வளர்த்து, மகளைக் கட்டிக்கொடுத்தாள். மகள் மதுரைக்கு வந்து தன்னோடு இருக்கச்சொல்லி எத்தனையோ தடவை கூப்பிட்டுவிட்டாள். மதினி அங்கே ஒரு ராத்திரிகூடத் தங்கினதில்லை. "அவுக வரும்போது வீடு பூட்டிக் கெடக்கக் கூடாதுல்ல" என்பாள்.

போன மாசம் அண்ணனிடமிருந்து போன் வந்தது. அங்கே இருந்தவள் போய்ச் சேர்ந்துவிட்டாளாம். இவனுக்குச் சுகர், காலில் புண். "நான் அங்க வாரேன். அவகிட்ட நீயே பக்குவமாச் சொல்லி வையி" என்றான். பழைய குருடி கதவைத் திறடி என்று. எனக்கு வந்த ஆத்திரத்துக்குப் போனை வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்களே, அதுதான். மதினியிடம் சொன்னேன். அவள் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

அடுத்த தடவை அவள் வந்தபோது அந்தப் படத்தைத் தேடிப் போட்டேன். அத்தனை வருசமும் எந்த டிவியிலும் வராத படம். அதைப் பார்த்தால் அவள் மனசு இளகும் என்று எனக்கு ஒரு கணக்கு. நான் முன்னாலேயே ஒரு தடவை போட்டுப் பார்த்திருக்கலாம். அதுதான் முடிவு தெரிந்த கதையாயிற்றே என்று இருந்துவிட்டேன்.

மதினி அன்றைக்குக் குறையே சொல்லாமல் பார்த்தாள். கதவு தட்டுகிற சத்தம் வந்தபோது காலை மடக்கி நிமிர்ந்து உட்கார்ந்தாள். கதவு திறந்தது. அவன் நின்றான். எங்கள் ஊரில் விசில் பறந்த இடம்.

படம் நிற்கவில்லை. அவள் அவன் காலில் விழுந்தாள். இந்த ஒரு நிமிசத்துக்காகத்தான் உயிரைப் பிடித்துக்கொண்டு இருந்ததாகச் சொன்னாள். செத்துப்போனாள். அவன் அவள் நெற்றியில் குங்குமம் வைத்தான். சுற்றி நின்ற பெண்கள் கொடுத்து வைத்தவள் என்று மூக்கைச் சிந்தினார்கள். வணக்கம் என்று எழுத்து வந்தது.

"அப்பறம்?" என்றாள் மதினி.

"அம்புட்டுத்தான் மதினி."

"அவ செத்துட்டா. அவன்?"

"அவனுக்கென்ன, நிக்கிறான்."

அவளுக்கு வந்தது பாருங்கள் கோபம், நான் அதுவரை பார்த்ததில்லை. "பாவிப் பயலுக. இதைக் காட்டியா என்னைய இம்புட்டு நாளு இருக்கச் சொன்னாய்ங்க? மழை வரணும்னு மறைச்சாய்ங்களே, மழையாவது வந்துச்சா?"

அந்த ஆறுதலைச் சொன்ன வாய்களில் என்னுடையதும் ஒன்று.

முகத்தைக் கழுவிவிட்டு வந்து, பையை மடித்தாள். "வெள்ளிக்கிழமை மக வீட்டுக்குப் போறேன். ஆட்டைப் பக்கத்து வீட்டுல விட்டுக்கிருவேன்."

"எப்ப வருவீக?"

"வாரப்ப வாரேன்."

"அண்ணனுக்கு என்ன சொல்ல?"

"அவுகளை நான் ஒண்ணும் சொல்லல. வீடு பூட்டிக் கெடக்குன்னு சொல்லு."

சொன்னேன். அண்ணன் நம்பவில்லை. அடுத்த வாரம் அருப்புக்கோட்டையில் இறங்கி, நேரே என் வீட்டுக்கு ஒரு தோள்பையோடு வந்தான். தலை முழுக்க நரை, பாதத்தில் கட்டு. பையை வாசல் பக்கம் வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தான். "சாயங்கால பஸ்ஸுக்கு ஊருக்குப் போறேன். மகளுக்குப் போனைப் போட்டு, அவளை வரச்சொல்லு" என்றான்.

"வரமாட்டாகண்ணே."

"வாசல்ல போயி நின்னா வராமலா போவா? அன்னைக்கு நம்ம ஊருல படம் பாத்தமே, நெனப்பில்லையா? எம்புட்டு வருசம் கழிச்சு வந்தான் அவன். அவ கதவைத் தொறக்கல?" சொல்லும்போது சிரித்தான். "அங்க கெடந்தப்பகூட அதைத்தான் நெனச்சுக்கிருவேன். எப்பப் போனாலும் அவ இருப்பான்னு."

அவனும் அதே திரையில்தானே பார்த்தான். அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை. நான் அந்தப் படத்தைப் போட்டு, கதவு தட்டுகிற இடத்துக்குத் தள்ளிவிட்டேன்.

வணக்கம் வருகிறவரை பார்த்தான்.

"இது புதுசா எடுத்ததா?" என்றான்.

"அப்ப எடுத்ததுதான். நம்ம ஊருல காட்டல."

காலில் இருந்த கட்டை ஒரு தடவை தடவிக்கொண்டான். "அவ இதைப் பாத்துட்டாளா?"

"பாத்துட்டாக."

அதற்குப் பிறகு அவன் பஸ்ஸைப் பற்றிப் பேசவில்லை. எழுந்து போய், வாசலில் இருந்த பையை எடுத்து வீட்டுக்குள் வைத்தான்.