சித்தப்பா உள்ளுடுப்பை மறக்கவில்லை

ஒக்டோபர் மாத ஞாயிறு ஒன்றில், பூசை முடிந்து லாசால் நகரிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்த சிறிது நேரத்தில் தொலைபேசி அடித்தது. அம்மா "ஓம்... ஓம்..." என்று மட்டும் சொன்னார். பிறகு அடுப்பை அணைத்தார். நீர் நிரம்பிய பழைய கற்குழியில் நீருக்கடியில் சுழியோடப் போன மரியதாஸ் சித்தப்பா குளிரில் விறைத்து இறந்துவிட்டார்.

அவருடன் இறங்கியவர் சித்தியின் தம்பி றொபேட் மாமா. "அத்தான் உள்ளுடுப்பை மறந்திட்டு வந்தவர். சொல்லச் சொல்லக் கேட்காமல் இறங்கினவர்" என்று அவர் எல்லோருக்கும் சொல்கிறார். சித்தப்பாவை அறிந்த நீங்கள் அதை எப்படி நம்பினீர்கள்?

சுழியோடிகள் போடும் தண்ணீர் புகாத வெளியுடை சூடு தராது என்பார் சித்தப்பா. சூட்டைக் காப்பது அதற்குள் போடும் தடித்த உள்ளுடுப்பும் அதில் தங்கும் காற்றும்தான். ஒருமுறை அம்மா அவருடைய பையில் பருத்திப் பனியன் ஒன்றை வைத்துவிட்டார். சித்தப்பா அதை இரண்டு விரலால் தூக்கி வெளியே போட்டார். "அண்ணி, பருத்தி வேர்வையைக் குடிச்சு வச்சிருக்கும். கீழ போனால் ஐஸ்தான்."

போன பனிக்காலத்தில், புது உடையைப் பரீட்சிக்க அதைக் கழுத்துவரை மூடிக்கொண்டு பல்கனியில் நின்றார்.

"என்ன தம்பி, சந்திரனுக்குப் போறீரோ?" என்றார் அம்மா.

"அங்க இவ்வளவு குளிர் இராது அண்ணி."

நாங்கள் எல்லோரும் ஒரே வீட்டில் இருந்தோம். அவர் இறந்த அன்று காலை அந்தச் சாம்பல் நிற உள்ளுடுப்பைச் சுருட்டிக் கொடுத்தவள் நான். அவர் அதைப் பைக்குள் வைத்ததைப் பார்த்தேன்.

பை திரும்பி வந்தபோதும் அது உள்ளே இருந்தது. ஆனால் அதன் கால்கள் இரண்டும் இரண்டு சுற்று மேலே மடிக்கப்பட்டிருந்தன. சித்தப்பா ஆறடி. மாமா என் உயரம். சித்தப்பா போட்டிருந்ததென்று ஆஸ்பத்திரியில் தந்த பொட்டலத்தில் ஒரு பருத்திச் சட்டை இருந்தது. அது சித்தப்பாவுடையது அல்ல.

"மாமா, அண்டைக்கு நீங்கள் உள்ளுக்கு என்ன போட்டிருந்தனீங்கள்?" என்று கேட்டேன்.

அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "உனக்கேன் பிள்ளை இந்தக் கதை? போய்ப் படி."

அதன்பிறகு நான் சித்தியோடு தனியே இருந்தால் அவரும் வந்து பக்கத்தில் உட்கார்கிறார்.

அம்மாவிடம் சொன்னேன். "வாயை மூடு. சித்திக்கு இனித் தம்பி ஒருத்தன்தான் இருக்கிறான்" என்றார்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலரைத் தொகுப்பவரும் மாமாதான்; இதை அதில் போடமாட்டார். அதனால்தான் எல்லோரும் நித்திரையான பிறகு இதை எழுதுகிறேன். அன்றைய பூசைக்கு வரும் உங்கள் கையில் கோவிலில் நானே தருவேன். எனக்குப் பயமாக இருக்கிறது. உள்ளுடுப்பை மறந்து வந்தவர் மாமா என்றும், சித்தப்பா தன்னுடையதைக் கொடுத்துவிட்டு அவருடைய சட்டையோடு இறங்கினார் என்றும் நினைக்கிறேன். கொடுத்தவரைக் கவனமில்லாதவர் என்று சொல்லாதீர்கள்.

சித்தப்பாவினுடையது என்று என்னிடம் இருப்பது அந்த உள்ளுடுப்பு மட்டுமே. துவைத்து யாருக்காவது கொடுக்கவேண்டும் என்று சித்தி அதைத் தேடுகிறார். எங்கே என்று தெரியாது என்றேன். கால் மடிப்பை நான் இன்னும் குலைக்கவில்லை.